பொற்றாமரைப் பாதம் மதிப்பிழந்த விதம்

சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், பெய்ஜிங்குக்குத் தெற்கே, திங்சியான் என்றொரு வட்டாரம் உண்டு. 1920களின் இறுதியில் அங்கே வீடு வீடாகப் போய் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். வீட்டுப் பெண்களில் யார் யாருக்குப் பாதம் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் அதில் குறித்துக்கொண்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் சிட்னி கேம்பிள் அந்தக் கணக்கை 1943இல் வெளியிட்டார். 1890க்கு முன் பிறந்த பெண்களில் நூற்றுக்கு 99 பேர் கட்டிய பாதத்தோடு இருந்தார்கள். 1919க்குப் பின் பிறந்த சிறுமிகளில் அநேகமாக ஒருத்திகூட இல்லை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் ஒரு பெண்ணின் தலையெழுத்தையே தீர்மானித்த ஒன்று, முப்பதே ஆண்டுகளில் வேண்டாத பொருளாகிவிட்டது.

மனிதர்கள் ஒன்றின் மீது வைத்திருக்கும் மதிப்பை எப்படிக் கைவிடுகிறார்கள் என்று யோசிக்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வரலாற்றில் அதிகம் இல்லை. ஆனால் “அறியாமை நீங்கியது, வழக்கம் ஒழிந்தது” என்று ஒரே வரியில் இதைச் சொல்லி முடித்தால் அந்தப் பெண்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். நடந்தது அப்படியல்ல.

முதலில், அவர்கள் எதை மதித்தார்கள்? பெண் குழந்தைக்கு ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தாயோ பாட்டியோ கட்டத் தொடங்குவார்கள். கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி, நீளமான துணிப்பட்டையால் சுற்றி இறுக்குவார்கள். பிறகு அதே துணி குதிகாலைச் சுற்றிவந்து அதை முன்பாதத்தை நோக்கி இழுக்கும். பாதத்தின் மேற்புறம் வளைந்து புடைக்கும், அடியில் ஆழமான பிளவு விழும். சில நாட்களுக்கு ஒருமுறை அவிழ்த்து, கழுவி, படிகாரத்தூள் தூவி, முன்னிலும் இறுக்கமாகக் கட்டுவார்கள். கட்டிய காலோடு குழந்தையை நடக்கவும் வைப்பார்கள். உடல் எடை விழுந்தால்தான் எலும்பு சொன்னபடி மடங்கும். புண்ணாகும், சீழ் வைக்கும், சில குழந்தைகளுக்கு விரல் அழுகி விழும், சிலர் இறந்தும் போனார்கள். பாதம் வேண்டிய உருவத்துக்கு வர இரண்டு ஆண்டுகளாவது பிடிக்கும்.

இந்த வதையின் முடிவில் கிடைப்பது, சரியாக அமைந்தால், சுமார் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பாதம். சீன அங்குலத்தில் மூன்று. அதற்குப் பொற்றாமரை என்று பெயர். நான்கு அங்குலமென்றால் வெள்ளித் தாமரை, அதற்கு மேல் போனால் இரும்பு. பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்துக்கு முன்னால் காலைத்தான் விசாரித்தார்கள். அந்தச் சின்னஞ்சிறு செருப்பைத் தைத்து அதில் பூவேலை செய்வதும் பெண்ணே. ஆகவே செருப்பைப் பார்த்தால் பாதத்தின் அளவு தெரியும், கைவேலையின் நேர்த்தி தெரியும், வலியைப் பொறுத்துக்கொண்ட பெண் என்பதும் தெரியும் என்று வருங்கால மாமியார் கணக்குப் போட்டாள். ஷான்சி மாகாணத்தின் தாதோங் நகரில் பாத அழகுப் போட்டிகளே நடந்ததாகச் சொல்வார்கள். ரசனை, ஒழுக்கம், குடும்ப கௌரவம் எல்லாம் அந்த மூன்று அங்குலத்தில் அடைந்து கிடந்தன.

இது தவறு என்று சொல்ல எண்ணூறு ஆண்டுகளில் ஆளில்லாமல் போகவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே, தென் சோங் அரசின் இறுதிக் காலத்தில், செ ருவோஷுய் என்ற அறிஞர், ஒரு குற்றமும் செய்யாத நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு எதற்காக இந்தத் துன்பம் என்று எழுதிவைத்தார். 1828இல் அச்சான லி ருசென்னின் ‘கண்ணாடியில் மலர்கள்’ நாவலில், பெண்கள் ஆளும் நாட்டில் மாட்டிக்கொள்ளும் ஒரு வணிகனின் கால்களைப் பிடித்து வைத்துக் கட்டுகிறார்கள். ஓர் ஆணின் உடம்பில் நடந்தால்தான் ஆண் வாசகனுக்கு உறைக்கும் என்று லி ருசென்னுக்குத் தெரிந்திருக்கிறது. வாதம் வலுவானது, எழுத்தும் நயமானது. வழக்கம் அசையவில்லை.

அரசாணையும் அப்படித்தான் ஆனது. சீனாவைப் பிடித்த மஞ்சு இனத்தவர் தங்கள் பெண்களின் பாதத்தைக் கட்டுவதில்லை. காங்ஷி பேரரசரின் ஆட்சித் தொடக்கத்தில், 1664இல், பாதம் கட்டத் தடை வந்தது. 1668இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். வென்றவன் வேண்டாமென்றதாலேயே, தோற்ற ஹான் மக்களுக்கு அது தங்கள் அடையாளமாகவும் ஆகிப்போனது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தைப்பிங் கிளர்ச்சியாளர்கள் தங்கள் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் இதைத் தடைசெய்தார்கள். அவர்களுடைய ஆட்சி அழிந்ததும் தடையும் போனது.

அறிவுரையும் எடுபடவில்லை, அதிகாரமும் எடுபடவில்லை. ஏன்?

மகளின் காலைக் கட்டிய தாய்க்கு அந்த வலியைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. அவளே அதை அனுபவித்தவள். தன் கட்டிய கால்மேல் நின்றபடிதான் மகளின் காலைக் கட்டினாள். மகள் கதறும்போது அவளும் அழுதாள் என்பதற்கு எத்தனையோ பெண்களின் வாய்மொழிகள் இருக்கின்றன. அவளைக் கட்டவைத்தது பாதத்தின் அழகில் அவளுக்கிருந்த மயக்கம் என்பதைவிட, கட்டாவிட்டால் மகளை யார் கட்டிக்கொள்வார் என்ற பயம். அந்த பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஊரில் எல்லாப் பெண்களும் கட்டிய பாதத்தோடு இருக்கும்போது ஒரே ஒருத்தி மட்டும் பெரிய காலோடு நின்றால், அவள் கீழ்க்குடியென்றும் அடக்கமில்லாதவள் என்றும் பேச்சு வரும். தாய் தனியாக மனம் மாறினால் தண்டனை மகளுக்கு.

1996இல் ஜெர்ரி மெக்கி என்ற அரசியல் அறிஞர், ஓர் அமெரிக்கச் சமூகவியல் இதழில் எழுதிய கட்டுரையில் இந்த முடிச்சைத்தான் கையிலெடுத்தார். அவருடைய வாதத்தை என் சொற்களில் சொல்கிறேன். இத்தகைய மதிப்பு ஒவ்வொருவர் மனதுக்குள்ளும் தனித்தனியாக உட்கார்ந்திருப்பதல்ல. “மற்றவர்கள் இதை மதிக்கிறார்கள்” என்று ஒவ்வொருவரும் நம்புவதால் நிற்பது. ஒருவரிடம் பேசி அவர் மனதை மாற்றலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மாறவில்லை என்று அவர் நினைக்கும்வரை, மாறிய மனதால் ஒரு பயனும் இல்லை. ஊரே உள்ளுக்குள் வெறுத்துக்கொண்டு வெளியே தொடர்ந்து செய்துகொண்டிருக்கவும் முடியும். இதை உடைக்க வேண்டுமென்றால் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற குடும்பங்களில் போதுமான பேர், ஒரே நேரத்தில், ஒருவர் கண்ணெதிரே ஒருவர் மாற வேண்டும்.

சீனாவில் அப்படியொரு வழியைக் கண்டுபிடித்தவர்கள் கோட்பாடு எதையும் படித்தவர்களல்லர். 1874 வாக்கில் சியாமென் துறைமுகத்தில், லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜான் மெக்கோவன் என்ற பாதிரியார் தம் சபைப் பெண்களைக் கூட்டி, தங்கள் மகள்களின் பாதத்தைக் கட்டுவதில்லை என்று எழுத்தில் உறுதி வாங்கினார். வந்தவர்களில் சிலரே கையெழுத்திட்டார்கள். எண்ணிக்கை அற்பம்தான், ஆனால் வேலையின் வடிவம் புதியது. பிரசங்கத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவதற்குப் பதிலாக, யார் யார் உறுதி கொடுத்தார்கள் என்பது அந்த அறையிலிருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

குவாங்தோங் மாகாணத்துச் சீர்திருத்தவாதி காங் யூவெய் தம் மகள்களுக்குப் பாதம் கட்ட மறுத்தார். 1883இல் தம் ஊர்ப்பக்கத்தில் இதற்கென ஒரு சங்கமும் அமைத்தார். அவருடைய மகள் காங் தோங்பி, நாடுகடந்து வாழ்ந்த தந்தையைத் தேடி இந்தியா வரை பயணம் செய்தார். பின்னர் அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பும் படித்தார். கட்டாத கால் ஒரு பெண்ணை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அவரே சாட்சி.

காங்கின் மாணவர் லியாங் சிச்சாவ் முதலியோர் 1897இல் ஷாங்ஹாயில் தொடங்கிய சங்கத்தின் விதிகள்தான் எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் மிக முக்கியமான ஆவணமாகப் படுகின்றன. உறுப்பினர்கள் தங்கள் மகள்களின் பாதத்தைக் கட்டக்கூடாது. பாதம் கட்டிய பெண்ணைத் தங்கள் மகன்களுக்கு எடுக்கக்கூடாது. இந்த இரண்டாம் விதி இல்லாமல் முதல் விதிக்கு உயிரில்லை. மகளின் பாதத்தைக் கட்டாமல் விடுகிற தகப்பனுக்கு, அவளை மணக்கத் தயாராக இருக்கிற மாப்பிள்ளைகளின் பட்டியலையும் அந்தச் சங்கமே கையில் கொடுத்தது. மதிப்பு எந்தச் சந்தையில் உருவானதோ அந்தச் சந்தைக்குப் பக்கத்திலேயே இன்னொன்றைத் திறந்தார்கள்.

மூன்றாவதாக ஒரு விதியும் இருந்தது. ஏற்கெனவே கட்டிய சிறுமிகளில் ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். அந்த வயதைத் தாண்டியவர்களுக்கு எலும்பு இறுகிவிட்டிருக்கும், அவிழ்த்துப் பயனில்லை. அவர்களின் பெயரைச் சங்கத்தில் பதிந்துகொள்ளலாம், பதிந்தவர்களை உறுப்பினர் குடும்பங்கள் மணமுடிக்கத் தடையில்லை. விதியை எழுதியவர்கள், தாங்கள் வீழ்த்தப் போகிற மதிப்புக்கு ஏற்கெனவே விலை கொடுத்து முடித்த குழந்தைகள் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்களில் பலர் நினைத்துப் பார்க்கவில்லை.

இதே காலத்தில் ஆங்கிலேய வணிகர் ஒருவரின் மனைவியான அலிசியா லிட்டில், 1895இல் ஷாங்ஹாயில் இயற்கைப் பாதச் சங்கத்தைத் தொடங்கினார். மதமாற்றத்தோடு இதை ஒட்டவைக்காமல், படித்த மேல்குடியினரிடமும் அதிகாரிகளிடமும் நேராகப் போனார். 1900இல் தென்சீன நகரங்களுக்குக் கூட்டங்களில் பேசப் போனபோது, கான்டனில் இருந்த பேராளுநர் லி ஹோங்சாங்கைச் சந்தித்து, அவரைக் கொண்டே தம் விசிறியில் சில வரிகள் எழுதி வாங்கிக்கொண்டார். அந்த விசிறியை அடுத்தடுத்த கூட்டங்களில் காட்டினார். பெரிய அதிகாரியின் கையெழுத்தை வைத்திருப்பவரின் பேச்சுக்கு அந்தச் சமூகத்தில் தனி எடை. பாதத்துக்கு விலை நிர்ணயித்தவர்கள் யாரோ, அவர்கள் வாயிலிருந்தே மறுவிலை வர வேண்டும் என்பதை லிட்டில் புரிந்துகொண்டிருந்தார். 1902இல் பேரரசித் தாய் சிஷி வெளியிட்ட அரசாணையும் தடையாக வரவில்லை. இவ்வழக்கத்தை விட்டுவிடும்படி மேல்குடியினர் மக்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டும் என்ற அறிவுரையாகவே வந்தது. சட்டத் தடை 1912இல், குடியரசு பிறந்த பிறகு, சுன் யாட்-சென் காலத்தில் வந்தது.

தைவானில், முதலில் சங்கம் பிறகு சட்டம் என்ற வரிசை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அங்கே மருத்துவர் ஹுவாங் யூஜியே 1900இல் தைபேயில் சங்கம் வைத்தார். 1905 மக்கள்தொகைக் கணக்கில் பெண்களில் பாதிக்கும் மேல் கட்டிய பாதத்தோடு இருந்தார்கள். ஜப்பானியக் காலனி அரசு பொறுத்திருந்து, உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் சங்கங்கள் பதினைந்து ஆண்டு உழைத்த பிறகு, 1915இல்தான் தடை போட்டது.

இந்தக் கதையில் சங்கங்களுக்கே எல்லாப் பெருமையையும் கொடுத்துவிட முடியாது. லாரல் பாசன், ஹில் கேட்ஸ் என்ற இரு மானிடவியலாளர்கள் சீனக் கிராமங்களில் ஏறத்தாழ 1,800 முதிய பெண்களிடம் கேட்டறிந்தவற்றை 2017இல் நூலாக வெளியிட்டார்கள். கட்டிய பாதம் என்றாலே பட்டு மெத்தையில் சாய்ந்திருக்கும் சீமாட்டி என்ற படம் நம் மனதில் இருக்கிறதல்லவா, அதை இந்த நூல் கலைத்துப் போடுகிறது. கிராமத்துப் பெண் குழந்தை ஆறேழு வயதிலேயே நூல் நூற்க உட்கார்ந்தாள். நாள் முழுக்க ஓரிடத்தில் உட்கார்ந்து கையால் வேலை செய்யும் பிள்ளையால் வீட்டுக்கு வருமானம். ஓடியாடும் வயதுக் குழந்தையை ராட்டைக்கு முன்னால் உட்காரவைக்கப் பாதக்கட்டும் உதவியது என்பது இவர்களுடைய முடிவு. ஆலை நூலும் ஆலைத் துணியும் ரயிலேறி ஊருக்குள் வந்தபோது, வீட்டில் நூற்ற நூல் விலை இழந்தது. அந்த ஊர்களில் பாதக்கட்டும் தளர்ந்தது. கட்டிய பாதத்தால் பெண்களுக்கு மேலான இடத்தில் சம்பந்தம் அமைந்தது என்பதற்கும் இவர்களுக்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. மெக்கியின் விளக்கத்துக்கு இது நேரான சவால்.

எனக்கு இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதாகத் தெரியவில்லை. ஓர் ஊரில் 1900இலேயே வழக்கம் சரிந்ததும், வேறோர் ஊரில் 1930 வரை இழுத்ததும் ஆலைத்துணி வந்த காலத்தோடு பொருந்துகின்றன. ஆனால் சரியத் தொடங்கிய ஊரில் பத்து பதினைந்து ஆண்டுகளுக்குள் துடைத்ததுபோல் மறைந்த வேகத்துக்கு, ஒருவரைப் பார்த்து ஒருவர் விடுகிற அந்த இயக்கம்தான் பொருத்தமான விளக்கம். மேல்குடிப் பெண்கள் நூற்றுச் சம்பாதித்தவர்களுமல்லர். பொருளாதாரம் மதிப்பின் வேரை அரித்தது. சங்கங்கள், “இனி யாரும் உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்” என்று உத்தரவாதம் தந்தன.

ஆனால் சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. இந்த இயக்கத்தின் இருண்ட பகுதி இதுதான், இதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. காங் யூவெய் 1898இல் பேரரசருக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் குழந்தையின் வலியைவிட, அந்நியர் நம்மைப் பார்த்து நகைக்கிறார்கள் என்ற அவமானமே உரத்து ஒலித்தது. கூட்டங்களில் எக்ஸ்ரே படங்களும், கட்டவிழ்த்த பாதங்களின் புகைப்படங்களும் காட்டப்பட்டன. மூடிவைத்த பாதத்தை வெளி ஆண் எவனும் பார்க்கக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்களின் பாதங்கள் அவை. நாடு பின்தங்கியதற்கே அந்தப் பாதங்கள்தாம் அடையாளம் என்றாயிற்று. தன் குலத்துக்குப் பெருமை சேர்ப்பதாகச் சொல்லி வலியைத் தாங்கவைக்கப்பட்ட ஒரு பெண்ணிடம், நாற்பது வயதில், நீதான் தேசத்தின் அவமானம் என்று சொன்னார்கள்.

ஷான்சி மாகாணத்தை ஆண்ட யான் ஷிஷான் 1917க்குப் பிறகு அங்கே நடத்திய ஒழிப்பு இயக்கத்தில் ஆய்வாளர்கள் வீடு வீடாக வந்தார்கள், அபராதம் விதித்தார்கள். பள்ளி மாணவர்களைக் கொண்டு, பாதம் கட்டிய பெண்ணை மணக்கமாட்டோம் என்று சங்கம் அமைக்க வைத்தார்கள். ஷாங்ஹாய் விதிகளில் முதல் இரண்டை எடுத்துக்கொண்டு, வயது தாண்டியவர்களுக்கான பதிவேட்டை விட்டுவிட்ட திட்டம் அது. மடங்கி இறுகிய எலும்புக்குக் கட்டுதான் தாங்கல். அதை அவிழ்த்தால் நடப்பதே கடினம். வரலாற்றாசிரியர் டோரத்தி கோ தம் நூலில் இந்தப் பெண்கள் ஆய்வாளர்களிடமிருந்து ஒளிந்ததையும் எதிர்த்ததையும் விரிவாக எழுதியிருக்கிறார். அவர்களைப் பிற்போக்கிகள் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வலித்தது, அதனால் கட்டிக்கொண்டார்கள்.

எழுத்தாளர் லூ ஷுனின் மனைவி சூ ஆன் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். பெரியவர்கள் நிச்சயித்த சம்பந்தம். ஜப்பானில் படித்துக்கொண்டிருந்த லூ ஷுன், பெண் பாதக்கட்டை அவிழ்க்க வேண்டும், பள்ளிக்குப் போக வேண்டும் என்று ஊருக்குச் சொல்லியனுப்பினார். பெண் வீட்டார் இரண்டுக்கும் இணங்கவில்லை. 1906இல் திருமணத்தன்று, மாப்பிள்ளைக்குப் பெரிய கால்தான் பிடிக்கும் என்று தெரிந்து, பெண்ணுக்குப் பெரிய செருப்பை மாட்டி உள்ளே எதையோ திணித்து அனுப்பினார்கள் என்றும், பல்லக்கிலிருந்து இறங்கும்போது செருப்பு கழன்று விழுந்து சின்னப் பாதம் தெரிந்துவிட்டது என்றும் அந்தக் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். சில நாட்களில் மாப்பிள்ளை ஜப்பானுக்குத் திரும்பிவிட்டார். இருவரும் கணவன் மனைவியாக வாழவேயில்லை. சூ ஆன் மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, கணவர் இறந்து பதினோரு ஆண்டு கழித்து 1947இல் காலமானார். ஐந்தாறு வயதில் யாரோ செய்த முதலீடு, மணமேடைக்கு அவர் வந்து சேர்வதற்குள் செல்லாததாகிவிட்டது. கணவர் சீனாவின் ஆகப் பெரிய முற்போக்கு எழுத்தாளர் என்பது அவருடைய விதியில் எதையும் மாற்றவில்லை.

1997இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, பெய்ஜிங்கில் எழுபது வயதைத் தாண்டிய பெண்களைப் பரிசோதித்தது. எண்பதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 38 சதவீதத்தினருக்குப் பாதக்கட்டின் ஊனம் இருந்தது. அவர்கள் மற்ற பெண்களைவிட அதிகம் கீழே விழுந்தார்கள். நாற்காலியிலிருந்து எழுவதும் குந்துவதும் அவர்களுக்குச் சிரமமாக இருந்தது. வழக்கம் ஒழிந்து எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் செலவைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

மெக்கி 1996இல் எழுதும்போது சீனத்துப் பாதங்களைப் பற்றி மட்டும் எழுதவில்லை. ஆப்பிரிக்காவின் பல சமூகங்களில் சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கமும் இதே முடிச்சால்தான் நிற்கிறது, இதே வழியில்தான் அவிழும் என்று ஊகித்தார். அடுத்த ஆண்டே, 1997 ஜூலையில், செனகல் நாட்டின் மலிகூண்டா பம்பாரா கிராமத்துப் பெண்கள் இவ்வழக்கத்தை விட்டுவிட்டதாக ஊரறிய அறிவித்தார்கள். அவர்கள் மெக்கியைப் படித்தவர்களல்லர். மோலி மெல்சிங் தொடங்கிய டொஸ்டான் அமைப்பின் வகுப்புகளில் உடல்நலமும் உரிமைகளும் பற்றிப் பல மாதங்கள் பேசித் தாங்களாகவே அந்த முடிவுக்கு வந்தவர்கள். அறிவிப்புக்குப் பின் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து கடும் ஏச்சு வந்தது.

அப்போது கேர் சிம்பாரா என்ற ஊரின் பெரியவரும் இமாமுமான டெம்பா ஜவாரா ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். நம் உறவு ஓர் ஊருக்குள் முடிவதில்லை, பெண் கொடுத்து எடுக்கும் ஊர்கள் அத்தனையும் சேர்ந்து முடிவெடுக்காமல் ஓர் ஊர் மட்டும் மாற முடியாது என்றார். சொன்னதோடு நில்லாமல், உறவுமுறை உள்ள ஊர்களுக்கெல்லாம் நடந்தே போனார். படங்களைக் காட்டி யாரையும் அதிரவைக்க வேண்டாம், செய்தவர்களைக் குற்றவாளிகளாக்க வேண்டாம் என்பதைத் தம் முறையாக வைத்துக்கொண்டார். அவர் பேசப் போனது சொந்தக்காரர்களிடம். மகளுக்கும் பேத்திக்கும் நல்லதென்று நம்பி அதைச் செய்த தாய்மாரிடமும் பாட்டிமாரிடமும். 1998 பிப்ரவரியில் 13 கிராமங்கள் ஜபூகூ என்ற இடத்தில் கூடிச் சேர்ந்து அறிவித்தன. அந்த ஊர்களில் மகளுக்கு அதைச் செய்யாமல் விட்ட தாய், அவளுக்கு மாப்பிள்ளை எங்கிருந்து வருவான் என்பதை அன்று நேரிலேயே பார்த்துக்கொண்டாள்.